வெயில் மயக்கமா, மருந்து வேலையா? நரம்பிணைப்பைக் கொண்டு இனங்காணும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவர் வியர்த்துத் தள்ளாடினால், வெயில் மயக்கம் என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுவோர் உண்டு. அடித்தது ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகை மருந்தாக இருந்தால், அந்தத் தாமதம் உயிருக்கே உலைவைக்கும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடமான நரம்பிணைப்பில் நடப்பது தெரிந்திருந்தால் அறிகுறிகளைப் படிப்பது எளிது.

ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டது. தூண்டல் போதுமானதாக இருந்தால் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன; அடுத்த கணமே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கிறது. இந்த அலைதான் நரம்புத் துடிப்பு. மருந்தின் முக்கியத் தாக்குதல் இதன் மேல் அன்று, நரம்பிழை முடியுமிடத்தில்தான்.

துடிப்பு இழையின் நுனியை எட்டியதும் கால்சியம் உள்ளே நுழைகிறது. அங்குள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. அது எதிர்ப்புறத் தசையிலோ சுரப்பியிலோ உள்ள ஏற்பிகளில் பற்றிக்கொண்டு அதை இயக்குகிறது. உடலியல் அறிஞர் ஓட்டோ லோவி 1921-இல் தவளை இதயங்களை வைத்துக் காட்டிய வேதித் தூதும் இதே பொருள்தான். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி மில்லிநொடிக் கணக்கில் சிதைத்துவிடும். மேற்சொன்ன மருந்துகள் இந்த நொதியை முடக்குகின்றன. ஆகவே கட்டளை வராமல் போவதன்று சிக்கல். வந்த கட்டளை ஓயாமல் இருப்பதே சிக்கல்.

முதலில் வாயைப் பாருங்கள். வெயிலில் வாடியவருக்கு வாய் உலர்ந்திருக்கும். மருந்து ஏறியவருக்கு எச்சில் ஒழுகும், கண்ணீரும் மூக்கு நீரும் வடியும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேரலாம். அடுத்து நிழலில் நிறுத்திக் கண்மணியைக் கவனியுங்கள்: அரை இருட்டில் விரிந்திருக்க வேண்டியது குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தால் ஐயமே வேண்டாம் என்னுமளவுக்கு வலுவான அறிகுறி அது. கண்மணி இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து மருந்தில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இமையிலும் கெண்டைக்காலிலும் தசை தானாகத் துடிக்கிறதா என்றும் பாருங்கள். ஓயாத தூண்டலால் தசை முதலில் துடித்து, பின்பு பதிலளிக்க இயலாமல் தளர்கிறது. மூச்சுத் தசைகள் தளர்வதுதான் பெரிய ஆபத்து.

உடனே 999-ஐ அழையுங்கள். கையுறை அணிந்து, நனைந்த சட்டையைக் கழற்றி, சவர்க்காரமும் நிறைய நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள், ஏனெனில் இம்மருந்து தோல் வழியாகவும் ஏறும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலின் லேபலைக் கட்டாயம் கொண்டுசெல்லுங்கள்; களைக்கொல்லியான பாராகுவாட்டின் நஞ்சு முற்றிலும் வேறு வகை, அதற்குக் கீழே வரும் மருத்துவரின் சிகிச்சை பொருந்தாது.

மருத்துவர் தரும் அட்ரோபின், சுரப்பிகளிலும் இதயத்திலும் உள்ள ஏற்பிகளை மறைத்துக் காக்கும். எலும்புத்தசைகளின் தளர்ச்சியை அது சரிசெய்யாது. ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்குக் கொடுக்கப்படும் பிராலிடாக்சிம் முடங்கிய நொதியை விடுவிக்கக்கூடியது, அதுவும் நொதியின் மேல் நஞ்சின் பிடி இறுகுமுன் கொடுத்தால்தான். இறுகிவிட்டால் உடல் புதிய நொதியை உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நலமடைந்தவர் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைச் சோதித்து மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே மீண்டும் பம்பைத் தூக்க வேண்டும்.