வாடகை அடுக்குமாடிச் செயற்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏதாவது ஒரு வாடகை அடுக்குமாடியில் புதிய செயற்குழு அமைந்தால் என்னையும் ஆலோசனைக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் தலைமுறை பட்ட பாட்டையே இவர்களும் படுகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் சேராதது, சந்தா பாக்கி எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். நிர்வாகம் எடுக்கும் முடிவுகளில் நம் சொல் ஏறாமல் போகச் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வாக்குரிமை இருப்பதாக நினைத்துக்கொள்வது

அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) பொதுக்கூட்டத்தில் வாக்கை வீட்டு உரிமையாளருக்குத் தருகிறது. அரசின் பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீட்டில் மாதம் 124 ரிங்கிட் கட்டிக் குடியிருப்பவருக்கு அந்த வாக்கு கிடையாது. சொந்த வீடு வாங்கிய மைத்துனர் கைதூக்கி வாக்களித்தாரே என்று வாதாடப் போனால் முதல் கூட்டத்திலேயே வாயடைத்துப் போவீர்கள். நமக்குப் பலம் பதிவு பெற்ற சங்கம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி 7 பேர் இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

வருகைத் தாளில் படிக்காமல் கையெழுத்திடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

லிப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம். தண்ணீர்ப் பம்பு பழுதாகி, காலையில் மேல்மாடிக் குழாய்களில் காற்றுதான் வரும். நிர்வாகம் விளக்கக் கூட்டம் என்று அழைத்தது. மண்டப வாசலில் ஒரு மேசை. மேசைமேல் கோடு போட்ட தாள்: பெயர், வீட்டு எண், அடையாளக் கார்டு எண், கையெழுத்து. தலைப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் சுவருக்கான வண்ணங்களைக் காட்டினார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் எழுந்து, "தண்ணி எப்ப ஐயா மேல ஏறும்?" என்று கேட்டார். "குறித்துக்கொள்கிறோம்" என்றார் அதிகாரி.

சுவருக்கு வண்ணம் பூசினார்கள். பம்பு அப்படியே கிடந்தது. செயற்குழு புகார் எழுதியபோது, பதில் கடிதத்தோடு அதே தாளின் நகல் வந்தது. வெறுமையாக இருந்த இடத்தில், வண்ணப்பூச்சுப் பணிக்கு ஒப்புதல் தந்தவர்கள் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். பாட்டியின் கேள்வி எந்தக் குறிப்பிலும் இல்லை. அவர் தொடர்ந்து படியேறித் தண்ணீர் சுமந்தார்.

நம் மக்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்திடுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயம் அடுக்குமாடிக்கும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் கலந்துரையாடல் என்று கூப்பிட்டாலும் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதைப் போல நின்று, சொன்னதைக் கேட்டுவிட்டுக் கலைகிறோம்.

கையெழுத்திடும் முன் தலைப்பில் "கெஹாடிரான் சஹாஜா, புக்கான் பெர்செதுஜுவான்" என்று மலாயில் எழுதுங்கள்: வருகை மட்டுமே, ஒப்புதல் அல்ல. கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்வி, வந்த பதில், முடிவாகாத விஷயம் மூன்றையும் மறுநாளே மலாயில் ஒரு பக்கத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வண்ணம் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டால், பணத்தை வண்ணத்துக்குச் செலவிட யார், எப்போது முடிவு செய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீ 72 உயிர்களைக் கொண்டுபோனது. தீ ஆபத்தைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 2023இல் அங்கே குறைந்த வாடகைச் சமூக வீடமைப்புக்குப் புதிய சட்டம் வந்தது. குடியிருப்போரின் கருத்தை முடிவெடுக்கும்போது எப்படிக் கணக்கில் எடுத்தோம் என்பதை நிர்வாகம் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து அங்கே விதி. நமக்கு அப்படி ஒரு விதி வரும்வரை, முத்திரை பதித்த அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம்.

செயற்குழுவில் ஆண்கள் மட்டும்

குழாயில் தண்ணீர் நின்றால் முதலில் தெரிவது பெண்களுக்கு. அவர்களைச் சேருங்கள்.

எடுத்த எடுப்பில் சட்டமன்ற உறுப்பினரிடம் ஓடுவது

முதலில் நிர்வாகத்துக்குக் கடிதம். பதில் வராவிட்டால் அந்த நகலோடு போங்கள்.

நாமே கூடி நாமே பேசுவது

மலாய், சீன அண்டை வீட்டாரின் கையெழுத்து இல்லாத மனுவை இந்தியர் பிரச்சினை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். பம்பு பழுதானால் அவர்கள் வீட்டுக் குழாயும்தான் வறண்டு கிடக்கிறது. மனு எழுதும் நாளிலேயே அவர்கள் கதவையும் தட்டுங்கள்.