ஊரில் பல் இம்பிளாண்ட் வைக்கப் போகிறீர்களா? பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய், தேர், தீர்த்தம் பார்த்துத் திரும்புகிற விடுமுறையிலேயே, கழன்றுபோன கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளாண்டும் (தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகாணி) வைத்து மேலே பல்லும் மாட்டிக்கொண்டு வரலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரிவராது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் நல்ல பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். லண்டன், டொரொன்டோவோடு பார்த்தால் செலவும் நன்றாகக் குறையும். ஆனால் தாடை எலும்பை யாரும் அவசரப்படுத்த முடியாது.

சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1952இல் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் குழலைத் திரும்பக் கழற்றப் பார்த்தார். கழற்ற முடியவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றி வளர்ந்திருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அந்த உலோகத்தை வைத்தார். இன்றைக்கும் வேலை அதே முறையில்தான் நடக்கிறது. சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்பும் 10 மில்லிமீற்றர் நீளமும் உள்ள திருகாணியைச் சுற்றி எலும்பு வளர்ந்து பிடிக்கவேண்டும். கீழ்த்தாடையில் இதற்கு ஏறக்குறைய 3 மாதம் போகும். மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் 6 மாதம் வரை ஆகலாம்.

ஆகவே முதல் பயணத்தில் திருகாணி, அடுத்த பயணத்தில் பல். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டிலேயே சில மாதங்கள் முன்னதாகப் பிடுங்கிவிடுங்கள். குழி ஆறிய தாடையோடு ஊரில் போய் இறங்கலாம். 'ஒரே நாளில் பல்' என்ற விளம்பரங்கள் முழுப் பொய்யில்லை, ஆனால் எலும்பு நன்றாக உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அன்று மாட்டுவதும் பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். அதை நம்பி முறுக்குக் கடிக்க முடியாது.

புறப்படுமுன் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனி அளவு) பரிசோதனை முடிவைக் கையில் கொண்டுபோங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறச் சுணங்கும், திருகாணியும் பிடிக்காமல் போகலாம். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொரு அலெண்ட்ரோனேட் குளிசை போடுகிற, அல்லது 6 மாதத்துக்கொரு தடவை டெனோசுமாப் ஊசி ஏற்றுகிற அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? அதைப் பல் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்கு அறுவைக்குப் பிறகு தாடை எலும்பு ஆறாமல் அழியும் ஆபத்து இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஊரில் இறங்கிய முதல் கிழமையிலேயே அறுவையை வைத்துக்கொள்ளுங்கள். 7 முதல் 10 நாளில் தையல் பிரிப்பார்கள், அதன் பிறகும் சில நாட்கள் கையில் இருப்பது நல்லது. மேல்தாடையில் சைனஸை (கடைவாய்ப் பற்களுக்கு மேலே உள்ள காற்றறை) உயர்த்தி எலும்பு வைத்தால், எப்போது விமானம் ஏறலாம் என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். இரண்டு கிழமையாவது பொறுக்கச் சொல்வார்கள். நேர்த்தி வைத்த அங்கப்பிரதட்சணத்தை அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஒடியல் கூழ், வெற்றிலை, சுருட்டு எல்லாம் புண் ஆறும்வரை வேண்டாம். புகைப்பவர்களுக்கு இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு எப்போதுமே கூடுதல்.

வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையிலோ தமிழ்நாடு பல் மருத்துவக் கழகத்திலோ பதிவானவரா என்று பாருங்கள். முப்பரிமாண ஸ்கான் எடுக்காமல், சாதாரண எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்துவிட்டு 'நாளைக்கே வைக்கலாம்' என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

இன்னொரு முக்கியமான காரியம். இம்பிளாண்ட் வரும் பெட்டியில் சிறிய ஸ்டிக்கர் இருக்கும். கம்பனி, அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அதை உங்கள் சிகிச்சை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். ஸ்ட்ராமன், ஆஸ்டெம் போன்ற கம்பனிகளின் இம்பிளாண்ட்களுக்கு உள்பாகங்கள் வேறு வேறு. இரண்டு வருடம் கழித்து டொரொன்டோவின் ஸ்காபரோவில் திருகு தளர்ந்தால், எந்த வகை என்று தெரியாமல் அங்குள்ள வைத்தியர் கை வைக்கத் தயங்குவார். சிமெந்து போட்டு ஒட்டுவதைவிடத் திருகிப் பூட்டுகிற பல்லாகக் கேட்பதும் இதனால்தான். பழுது வந்தால் உடைக்காமல் கழற்றலாம்.

திரும்பி வந்ததும் உங்கள் வழக்கமான பல் வைத்தியரிடம் ஸ்கானையும் அட்டையையும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். இம்பிளாண்டில் சொத்தை வராது என்றாலும், சுற்றியுள்ள முரசில் (ஈறில்) அழுக்குத் தேங்கினால் எலும்பு கரையும். நரம்பு இல்லாததால் வலி காட்டாமலேயே அது நடக்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்கள். முரசில் இரத்தம் கசிந்தால் அடுத்த ஊர்ப் பயணம்வரை காத்திருக்க வேண்டாம்.