எருக்குழியில் பச்சைப் பூஞ்சணம்: தென்னை வண்டின் புழுவுக்கு நோய் கொடுப்பது எப்படி

குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், வாழைக்கு வைக்க எருக்குழியைக் கிளறினோம். ஆடிச் சாரல் விட்டிருந்த நேரம். கிளறக் கிளறப் பெருவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு வந்தன. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் அசையவில்லை. எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்புக் கட்டி போல விறைத்திருந்தது. மேலே பாசி நிறத்தில் மாவு. அதை நான் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தபோது பக்கத்து விளைப் பாட்டா கேட்டார்: "செத்தத எதுக்கு மக்ளே எடுத்து வைக்க?"

அந்தப் புழு ஒரு நோயால் செத்திருந்தது. நோயின் பெயர் பச்சை மஸ்கார்டைன். அதைக் கொடுப்பது மெட்டாரைசியம் என்ற பூஞ்சணம். மண்ணில் இயல்பாகவே இருப்பதுதான், ஆனால் குழி முழுக்கப் பரவும் அளவுக்கு இருக்காது. அந்த அளவை நாம் கூட்டிக் கொடுக்கலாம். வீட்டுக் குக்கரும் ஒரு கிலோ அரிசியும் போதும்.

முதலில் நோய் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது. பாக்டீரியா, வைரஸ் வகை மருந்துகளைப் பூச்சி தின்றால்தான் வேலை நடக்கும். பூஞ்சணத்துக்கு அது தேவையில்லை. அதன் வித்து, அதாவது விதை போல முளைக்கிற நுண்ணிய தூள், புழுவின் தோலில் ஒட்டினால் போதும். ஈரம் கிடைத்ததும் முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, துளைத்து உள்ளே போகும். உள்ளே இரத்தத்தில் பெருகி, நஞ்சும் விடும். ஒன்றிரண்டு வாரத்தில் புழு சாகும். அப்புறம் உடலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நூலாக வெளியே வந்து, கடைசியில் பச்சை வித்துகளைக் கொட்டும். ஈரம் இல்லையென்றால் முதல் படியிலேயே எல்லாம் நின்றுபோகும். வருஷத்தில் இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் மாவட்டத்துக்கு இந்த முறை பொருந்துவது அதனால்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. பட்டுப்புழுவைக் கொல்லும் வெள்ளை நோய்க்குப் பூஞ்சணமே காரணம் என்று இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி 1835-இல் காட்டினார். 1879-இல் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகோஃப் கோதுமை வண்டின் புழுக்களில் இந்தப் பச்சைப் பூஞ்சணத்தைக் கண்டு, வளர்த்துப் பயிருக்குப் பயன்படுத்த முயன்றார். அவர் முயன்றதைத்தான் நாம் அடுக்களையில் செய்யப் போகிறோம்.

படி 1: குழியைப் பாருங்கள்

தென்னை ஓலை விரிந்த பிறகு முக்கோணமாகக் கத்தரித்தது போல இருந்தால் வண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டு குருத்தைக் குடைவது மரத்தில், ஆனால் முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கிய மரத்திலும். 2017 ஓகிப் புயலில் சாய்ந்த தென்னைகளை அப்படியே மக்க விட்ட விளைகளில் வண்டுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தோம். பழைய தடிகள் இன்னும் கிடந்தால் முதலில் அப்புறப்படுத்துங்கள்.

குழியில் செத்த புழு கிடைத்தால் அது என்ன சாவு என்று பாருங்கள். விறைத்து, வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் பூஞ்சணம். கறுத்து, கொழகொழவென்று நாறினால் பாக்டீரியா அழுகல். உயிரோடு இருக்கும்போதே வயிறு உப்பி, கண்ணாடி போல ஒளி ஊடுருவினால் வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸை 1960-களில் மலேசியாவில் கண்டுபிடித்தார்கள், பசிபிக் தீவுகளில் விட்டு நல்ல பலன் பார்த்தார்கள். அதை வீட்டில் பெருக்க முடியாது, ஆய்வு நிலையங்களின் வேலை அது.

படி 2: தாய் வித்து வாங்குங்கள்

செத்த புழுவிலிருந்தே அரிசிக்கு எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் மேல் வேறு பத்துப் பூஞ்சணம் ஒட்டியிருக்கும். திருப்பதிசாரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், எங்கே கிடைக்கும் என்ற வழியாவது தெரியும். கேரளத்துக் காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் இந்த வண்டுக்கான உயிரியல் முறைகளில் நெடுங்காலமாக வேலை செய்கிறது. சோதனைக் குழாயில் வளர்த்த சுத்தமான வித்தாகக் கேளுங்கள். டால்க்கில் கலந்து விற்கிற பூஞ்சணப் பொடியை நேராகக் குழிக்குப் போடலாம், ஆனால் அரிசியில் பெருக்க அது சரிப்படாது.

கடையில் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள். நான் ஒரு தடவை வெயில் படும் அலமாரியில் பல மாதம் கிடந்த பொட்டலத்தை வாங்கி வந்தேன். உள்ளே உயிரே இல்லை, அந்தப் பருவமே வீணானது.

படி 3: அரிசியைப் பக்குவப்படுத்துங்கள்

புழுங்கல் அரிசி ஒரு கிலோ. பச்சரிசி சீக்கிரம் குழைந்து கட்டியாகிவிடும். கொதிக்கிற நீரில் பத்து நிமிஷம் போட்டு அரைவேக்காட்டில் வடியுங்கள். துணியில் பரப்பி ஆற விடுங்கள். கையில் அள்ளினால் ஒட்டக்கூடாது, அரிசி அரிசியாக உதிர வேண்டும். ஒவ்வொரு அரிசிக்கும் இடையே காற்று இருந்தால்தான் பூஞ்சணம் உள்வரை ஓடும்.

சூடு தாங்கும் பாலிபுரொப்பிலீன் பையில் கால் கிலோ வீதம் நிரப்புங்கள். சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் கட்டுகிற மாதிரிதான்: பை வாயை ஒரு அங்குல பிவிசி குழாய்த் துண்டுக்குள் விட்டு வெளியே மடித்து, பஞ்சை இறுக்கமாக அடைக்க வேண்டும். மருந்துக்கடைப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சும், இலவம்பஞ்சு நல்லது. பஞ்சின் மேல் காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

குக்கரில் தண்ணீருக்கு மேல் நிற்கும்படி தட்டு வைத்து அதன்மேல் பைகளை அடுக்குங்கள். ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, பஞ்சடைத்து அதையும் கூட வையுங்கள். ஆவி முழுசாக ஏறியதிலிருந்து 45 நிமிஷம், சிறு தீயில். தண்ணீர் வற்றிவிடாதபடி முதலிலேயே தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: வித்து இடுங்கள்

இந்தப் படியில்தான் பலருக்கும் கெட்டுப்போகிறது. பொறுமையாகச் செய்யுங்கள். பைகள் முழுசாக ஆறட்டும், ராத்திரி வைத்துக் காலையில் எடுத்தால் நல்லது. சூட்டோடு வித்து விட்டால் செத்துவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். மேஜையையும் கையையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஸ்பிரிட் நன்றாக உலர்ந்த பிறகே விளக்கைக் கொளுத்த வேண்டும், இதில் அவசரம் வேண்டாம். சுடருக்குப் பக்கத்தில் வைத்து, பாட்டில் தண்ணீரைச் சோதனைக் குழாயில் விட்டுக் குலுக்குங்கள். பச்சை வித்து நீரில் கலந்துவிடும். இந்த வித்து நீரோடு ஒட்டாத குணம் உள்ளது, அதற்குத்தான் அந்த ஒரு சொட்டுத் திரவம். மருந்துக்கடையில் கிடைக்கிற உறை பிரிக்காத சிரிஞ்சில் எடுத்து, பஞ்சைச் சற்றே தூக்கிப் பைக்கு 5 மில்லி விட்டு உடனே அடையுங்கள். பையை உருட்டிக் கலக்குங்கள்.

படி 5: காத்திருங்கள்

வெயில் படாத, 25 முதல் 30 டிகிரி வரை சூடுள்ள அறை போதும். சித்திரை, வைகாசியில் ஓட்டுக்கூரைக்கு அடியில் வைக்காதீர்கள், 35 டிகிரி தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். மூன்று நான்கு நாளில் வெள்ளை நூல் தெரியும். அப்போது பையைத் திறக்காமல் வெளியிலிருந்து பிசைந்து கட்டிகளை உடைத்து விடுங்கள். ஒரு வாரம் வாக்கில் இளம்பச்சை, இரண்டு வாரத்தில் அடர்ந்த பாசிப் பச்சை.

இரண்டு மூன்று நாளிலேயே பச்சையாகிவிட்டால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அது பெரும்பாலும் வேறு பூஞ்சணம். மஞ்சள் கலந்த பச்சையானால் அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸாகக்கூட இருக்கலாம். கறுப்பு, ஆரஞ்சு, புளித்த வாடை, ஈரக் கொழகொழப்பு எது தெரிந்தாலும் பையைத் திறக்காமலே மறுபடி குக்கரில் அவித்துப் புதைத்துவிடுங்கள். நாலு பையில் ஒன்று போனால் பரவாயில்லை. சந்தேகம் இருக்கிற பையைக் குழியில் போட வேண்டாம். கோழிக்கும் போடக்கூடாது.

படி 6: குழிக்குக் கொடுங்கள்

பரிந்துரை, ஒரு கன மீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்து. நன்றாகப் பச்சையேறிய அரிசியில் கிராமுக்கு 100 கோடி அளவுக்கு வித்து இருக்கும், அப்படியானால் அரைக் கிலோ போதும். வீட்டில் வளர்த்ததில் அந்த அடர்த்தி வருமென்று நம்பி இருக்காமல் நான் கன மீட்டருக்கு ஒரு கிலோ போடுகிறேன்.

மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள், வித்துத் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டு, அரிசியைக் கையுறையோடு கசக்கி வித்தை இறக்குங்கள். சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு எருவை அடுக்கடுக்காகக் கிளறி ஊற்றுங்கள். மிஞ்சிய அரிசியையும் உள்ளேயே கலந்துவிடுங்கள். மேலே ஓலை போட்டு மூடுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்தைக் கொன்றுவிடும். புதுச் சாணி பொங்கிச் சூடாக இருக்கிற குழிக்கு இது ஆகாது, ஆறிய குழிதான் வேண்டும். எருவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. குழிக்குள் போர்டோ கலவையோ கார்பெண்டசிமோ எந்தப் பூஞ்சணக் கொல்லியும் போகக்கூடாது.

காலம்? தென்மேற்கு மழை தொடங்குகிற சமயம் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை.

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் பயப்படுவது நியாயம்தான். நாம் பூவிலோ ஓலையிலோ தெளிக்கவில்லை, குழிக்குள் புதைக்கிறோம். ஆனாலும் பெட்டிக்குப் பக்கத்தில் அரிசியைக் கசக்க வேண்டாம். இன்னொன்று, இது சொந்தக் குழிக்கு மட்டும். விற்பதென்றால் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும்.

படி 7: திரும்பிப் பாருங்கள்

மூன்று நான்கு வாரம் கழித்துக் குழியைக் கிளறுங்கள். பெரிய புழுக்கள் சில இன்னும் நெளியும், சோர்ந்து போகாதீர்கள். புழுப்பருவமே மூன்று மாதத்துக்கு மேல் நீளும், அதற்குள் பூஞ்சணத்துக்கு நேரம் இருக்கிறது. மரத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட வண்டை இது தடுக்காது. அதற்குக் குருத்தில் கம்பி விட்டு எடுப்பது, மட்டை இடுக்கில் வேப்பம் பிண்ணாக்கு மணலோடு கலந்து வைப்பது என்று பழைய வேலைகள் தொடரட்டும்.

விறைத்துப் பச்சை பூத்த புழு கண்ணில் பட்டால் தூக்கி எறியாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு அதை நொறுக்கி, பூஞ்சணம் இன்னும் எட்டாத மூலையில் புதைத்து ஈரம் காட்டுங்கள். பாட்டாவுக்கு நான் காகிதத்தில் மடித்துக் கொடுத்தது அதைத்தான். அவருடைய குழி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, வண்டு வேலி பார்த்துப் பறப்பதில்லை.