கார்புரேட்டருக்குப் பம்பு: மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்காதீர்கள், அழுத்தத்தைப் பாருங்கள்

இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை) உள்ள பழைய காரை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்கு மாற்றும்போது, இருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றிவிட்டு 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை தரும் மின்பம்பைப் போடுங்கள். வெபர், டெலார்ட்டோ நிறுவனக் கார்புரேட்டர்களுக்கு அதுவே போதும்.

கார்புரேட்டரில் பெட்ரோலைத் தடுப்பது, மிதவை தூக்கி மூடும் சின்ன ஊசி வால்வு மட்டுமே. இன்ஜெக்‌ஷன் பம்பு பெரும்பாலும் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். அதை எதிர்த்து அந்த ஊசியால் மூடி நிற்க முடியாது. மிதவை அறை பொங்கி, புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். பழைய பம்பையே வைத்துக்கொண்டு நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் சாதாரண ரெகுலேட்டரைச் செருகுவது ஆபத்தான சிக்கனம்: அது அவ்வளவு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்கு அனுப்பும் திரும்பு குழாயும் அதில் இருக்காது.

புதுப் பம்பை டேங்குக்கு அருகிலேயே, முடிந்தவரை தாழ்வாக, அதற்கு முன்னால் ஒரு ஃபில்டரோடு பொருத்துங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் இவற்றுக்குப் பலம். விபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சைத் தவிர்க்கவே கூடாது.

ஹாலி நிறுவனத்தின் நான்கு பேரல் (நான்கு காற்றுவழி) கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ வேண்டும். இன்ஜின் பிளாக்கில் மெக்கானிக்கல் பம்புக்கான இடமும், கேம்ஷாஃப்டில் அதை இயக்கும் எக்சென்ட்ரிக்கும் (மையம் விலகிய வட்டு) இருந்தால் மின்பம்பே தேவையில்லை.