நாயுடன் ரெட்வுட் காட்டில் கூடாரம்: வடகலிபோர்னியப் பயணத்தைத் திட்டமிடும் முறை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ ஆறு மணி நேரம் காரில் சென்றால் ஆரிக் என்னும் சிற்றூர் வரும். அதை நெருங்கும்போதே பிக் லகூன், ஸ்டோன் லகூன், ஃப்ரெஷ்வாட்டர் லகூன் என்று கடலை ஒட்டிய ஏரிகள் அடுத்தடுத்துத் தென்படும். ஊரைத் தாண்டியதும் ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களின் காடு. உலகிலேயே மிக உயரமான மரமான, 115 மீட்டரைத் தாண்டிய ஹைப்பீரியன் அங்கேதான் நிற்கிறது. வளர்ப்பு நாயுடன் முதன்முறையாக அங்கே தங்க விரும்புவோர் பெரும்பாலும் இடத்தைப் பதிவு செய்து முடித்த பிறகே நாயைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிவிட்டால் பாதிச் சிக்கல் குறைந்துவிடும்.

படி 1: நாய் நடக்கக்கூடிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பூங்காக்களில் கூடாரத் திடல்கள், உணவருந்தும் இடங்கள், பொதுச் சாலைகள், சில கடற்கரைகள் ஆகியவற்றில் நாய்க்கு அனுமதி உண்டு. காட்டுக்குள் செல்லும் நடைபாதைகளில், லீஷ் (நாயைப் பிடித்துச் செல்லும் வார்) பிடித்திருந்தாலும் அனுமதி இல்லை. இதற்கு ஈடாக அமைபவை இரண்டு மண்சாலைகள். பிரெய்ரி கிரீக் பகுதியில் உள்ள கால்-பேரல் சாலையிலும், ஜெடிடையா ஸ்மித் பகுதியில் உள்ள வாக்கர் சாலையிலும் லீஷ் கட்டிய நாயுடன் முதுமரங்களுக்கு நடுவே நடந்து வரலாம். கோல்டு பிளஃப்ஸ், கிரசென்ட் ஆகிய கடற்கரைகளும் நாய்க்குத் திறந்தவை. தெற்கே ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்காவிலும் நடைபாதைகளுக்கு இதே தடைதான். ஆனால் 31 மைல் நீளமுள்ள ‘அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்’ சாலையில் காரில் அமர்ந்தபடியே காட்டின் பெரும் பகுதியைப் பார்த்துவிடலாம்.

நாயைக் கூடாரத்தில் தனியாக விட்டுச் செல்வதும் கூடாது. ஆகவே நடைபாதையில் போக விரும்பும் குடும்பத்தில் பெரியவர்கள் இருவராவது இருந்தால், ஒருவர் மாற்றி ஒருவர் போய் வரலாம்.

படி 2: மாதத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்

அக்டோபரில் தொடங்கும் மழை ஏப்ரல் வரை நீடிக்கும். கோடையிலோ மூடுபனி, சென்னை வெயிலை நினைத்துக்கொண்டு மெல்லிய போர்வையுடன் போனால் இரவில் நடுங்க வேண்டியிருக்கும். நாயுடன் செல்வோர் எல்க் மான்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். மே, ஜூன் மாதங்களில் குட்டி ஈன்ற பெட்டைகளும், ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை இணைசேரும் பருவத்து ஆண்களும் நாயைக் கண்டால் பாய்ந்து வரக்கூடும். எனவே ஜூலை மாதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

புதியவர்களுக்கு ஏற்றவை கால்-பேரல் சாலைக்கு அருகில் உள்ள எல்க் பிரெய்ரியும், ஸ்மித் ஆற்றங்கரையில் உள்ள ஜெடிடையா ஸ்மித்தும் ஆகிய கூடாரத் திடல்கள். கோல்டு பிளஃப்ஸ் அழகான இடம்தான், ஆனால் கூடாரம் கட்டிப் பழகாதவர்களைக் காற்று பாடாய்ப் படுத்திவிடும். ‘ரிசர்வ் கலிபோர்னியா’ இணையதளத்தில் ஆறு மாதம் முன்னதாகவே பதிவு தொடங்கிவிடும். கோடை வார இறுதிகளுக்கு அன்றே முயல்வது நல்லது. இந்தத் திடல்களில் மின் இணைப்பு கிடையாது.

படி 3: நாயைத் தயார்படுத்துங்கள்

வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ், 6 அடிக்கு மேற்படாத லீஷ், உண்ணித் தடுப்பு மருந்து, உண்ணியைப் பிடுங்கும் இடுக்கி, மலம் எடுக்கும் பைகள், தடித்த துண்டுகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நாயைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலப் பூங்கா விதி. ஆகையால் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வீட்டுக் கூடத்தில் கூடாரத்தை விரித்து, அதற்குள் நாயைப் படுக்கப் பழக்கிவிடுங்கள்.

படி 4: தண்ணீரில் எச்சரிக்கையாக இருங்கள்

புதிதாக வருபவர்கள் கரடியை எண்ணி அஞ்சுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் நாய்களின் உயிரைப் பறித்திருப்பது பாசி. ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்காவின் ஊடே ஓடும் ஈல் ஆற்றின் தென்கிளையில், கோடையில் நீர் வற்றி வெதுவெதுப்பாகும்போது, கற்களின் மேல் நீலப்பச்சைப் பாசி தடித்த விரிப்பாகப் படர்கிறது. அது பெயர்ந்து மிதந்து கரையில் ஒதுங்கி, பழுப்புச் சக்கையாகக் காய்ந்து கிடக்கும். அதன் வாடை நமக்கு நாற்றம். நாய்களையோ அது ஈர்க்கும். அதில் உள்ள அனடாக்சின் என்னும் நஞ்சு நரம்புகளைத் தாக்குவது. தின்ற நாய் மிக விரைவில் தள்ளாடி, எச்சில் ஒழுக்கி, வலிப்பு கண்டு இறந்துபோகலாம். இதற்கு முறிமருந்து கிடையாது. இன்னும் தெற்கே உள்ள கிளியர் ஏரியிலும் கோடைக்காலத்தில் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் நீர்ப்பரப்பில் பாசி மிதப்பதுண்டு.

எந்த நீர்நிலையானாலும் முதலில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பலகை இல்லை என்பதனாலேயே நீர் நல்லது என்று எண்ணிவிடாமல், கரையோரத்துத் தேங்கல்களை நீங்களே ஒருமுறை நோட்டமிடுங்கள். குடிநீரை வீட்டிலிருந்தோ திடலின் குழாயிலிருந்தோ எடுத்துச் செல்லுங்கள். ஆற்றுநீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. நாய் நனைந்துவிட்டால், அது தன் உடலை நக்கத் தொடங்கும் முன்பே நல்ல தண்ணீரால் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். காட்டில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எனவே அவசரக் கால்நடை மருத்துவமனைகளின் முகவரியைத் தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் கிடக்கும் மீனையும், தூண்டில்காரர்கள் வீசிய குடலையும் நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமைக்காத சால்மன், டிரவுட் மீன்களில் இருக்கும் ஒருவகைத் தட்டைப்புழு தன்னுள் ஒரு பாக்டீரியாவைச் சுமந்திருக்கிறது. அது நாய்க்கு ‘சால்மன் நச்சு’ நோயைத் தருகிறது.

படி 5: உணவைச் சிதற விடாதீர்கள்

நாயின் தட்டில் மிஞ்சும் நாலு பருக்கைத் தீனிகூட இந்தக் காட்டில் சிறிய விஷயமன்று. மார்பிள்டு மர்ரலெட் என்னும் அருகிவரும் கடற்பறவை, முதிர்ந்த மரங்களின் பாசி படர்ந்த அகன்ற கிளைகளில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. தீனிக்காகத் திடலுக்குப் பழகிவிடும் ஸ்டெல்லர் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் அந்த முட்டையையும் தின்றுவிடுகின்றன. ஆதலால் நாய் உண்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவி, தீனிப் பையைக் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். நம் உணவில் வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு ஆகாதவை; சாம்பார் சாதமும் கேசரியும் மனிதர்களோடு நிற்கட்டும்.

படி 6: கிளம்பும்போதும், வீடு திரும்பிய பிறகும்

காது மடல், கால் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் விரல்விட்டு உண்ணி தேடுங்கள். மூன்று மூன்று இலைகளாகத் தழைக்கும் பாய்சன் ஓக் செடியின் எண்ணெய் நாயின் முடியில் ஒட்டி, தடவுபவர் கையில் தோல் அரிப்பை உண்டாக்கும். கையுறை அணிந்து சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். வீடு திரும்பி ஓரிரு வாரங்களுக்குள் நாய் உணவை மறுத்து, வாந்தி, பேதி, காய்ச்சலுடன் சுருண்டு படுத்தால், அது பச்சை மீன் தின்றிருக்கக்கூடும் என்பதையும் போய்வந்த இடத்தையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். சால்மன் நச்சு, கவனிக்காவிட்டால் பெரும்பாலும் நாயைக் கொன்றுவிடும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் மருந்தால் குணமாகும்.