மரத்தடி மண்ணில் வாழும் கணுக்காலிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

நகரத்து மரங்களின் பயனைச் சொல்லும்போது நிழலையும் பறவைகளையும் சொல்கிறோம். உதிர்ந்த சருகைத் துண்டாக்கி, பூஞ்சையை மேய்ந்து, சத்தை மீண்டும் வேருக்குக் கிடைக்கச் செய்யும், மரவட்டை, எறும்பு போன்ற கணுக்காலிகளை எண்ணிப் பார்ப்பவர் மிகக் குறைவு. சருகைத் தினமும் கூட்டி எரிக்கும் வளாகங்களில் முதலில் குறைவது இவைதாம் என்பதால், இந்தக் கணக்கெடுப்பு அவசியமானது என்று நான் கருதுகிறேன். சென்னையின் மண்ணையும் மழையையும் மனத்தில் கொண்டு முறையைச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி பெற வேண்டும். கிண்டி தேசியப் பூங்கா காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வருவதால், வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றி அங்கே ஒரு பிடி மண்ணும் எடுக்கலாகாது. பள்ளி, கல்லூரி வளாகங்களிலும், மரங்களை நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் மாநகராட்சி வளர்க்கும் அடர்வனங்களிலும் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தணிந்தபின், மண் ஈரமாக இருந்தும் நீர் தேங்காத ஜனவரி மாதம் இதற்கு ஏற்றது. கோடையில் மேல்மண் காயும்போது பல உயிர்கள் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், அப்போது கிடைக்கும் குறைந்த எண்ணிக்கை தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

ஆல், வேம்பு, தூங்குமூஞ்சி என்று இலையின் தன்மை வேறுபடும் மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று மரங்கள் வேண்டும். ஒப்பீட்டுக்காக மர நிழலே படாத திறந்தவெளியிலும் மூன்று இடங்கள் வேண்டும். அடிமரத்திலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில், உதாரணமாக 1 மீட்டரில், 25 செ.மீ. சதுரச் சட்டத்தை வைத்து அதனுள் இருக்கும் சருகு முழுவதையும் ஒரு பையில் அள்ளுங்கள். சருகை நீக்கிய இடத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 10 செ.மீ. இருக்குமாறு ஒரு மண்கட்டியை வெட்டி வேறு பையில் இடுங்கள். அளவு மாறினால் எந்த ஒப்பீடும் செல்லாது. சருகின் தடிமன், அந்த இடம் கூட்டப்படுகிறதா, மிதிபடுகிறதா என்பவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பைகளை வெயிலில் வைக்காமல், அழுத்தி நசுக்காமல், அன்றே கொண்டுவர வேண்டும்.

உயிர்களைப் பிரித்தெடுக்க உதவுவது பெர்லீசி புனல். இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லீசி 1905-இல் அமைத்த கருவியில், பின்னர் சுவீடனின் ஆல்பர்ட் டுல்கிரன் மின்விளக்கைச் சேர்த்தார். மேல்வாய் 25 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் புனலுக்குள் 2 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைப் பொருத்தி, அதன்மேல் மண்ணையோ சருகையோ மெல்லப் பரப்புங்கள். மரவட்டை, பூரான் போன்ற பெரியவை வலையில் நுழையாது. அவற்றை முன்னதாகவே இடுக்கியால் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புனலின் கீழ்வாயில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உள்ள சிறு குப்பியையும், மேலே ஓர் அடி உயரத்தில் 40 வாட் குண்டு பல்பையும் வையுங்கள். எல்.இ.டி. விளக்கு போதிய வெப்பம் தராது. மண் மேலிருந்து காயக் காய, ஈரத்தையும் இருளையும் நாடி உயிர்கள் கீழிறங்கிக் குப்பியில் விழும். மண் முற்றிலும் காய ஐந்து முதல் ஏழு நாள் ஆகலாம். எல்லாப் புனல்களுக்கும் ஒரே கால அளவைக் கடைப்பிடியுங்கள். காய்ந்த சருகும் ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால், காற்றோட்டமான அறையில், ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளக்கை எரியவிடுங்கள்.

அடையாளம் காண்பதற்கு 20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி தேவை. இனப்பெயர் வரை செல்ல முயலாமல் வரிசை (order) என்னும் பெரும்பிரிவு அளவில் பிரித்தாலே போதும் என்பது என் கருத்து. அரைகுறையாகச் சூட்டிய இனப்பெயர் தரவைக் கெடுக்கும். எட்டுக் கால்களோடு மிகச் சிறியதாக இருப்பவை பெரும்பாலும் மைட் எனப்படும் மண்ணுண்ணிகள். அவற்றின் இளம்பருவத்துக்கு ஆறு கால்களே இருக்கும். தேளைப் போன்ற இடுக்கிகள் இருந்தும் வால் இல்லாதது பொய்த்தேள். உடற்கண்டம் ஒன்றுக்கு ஒரு இணைக் கால் உள்ளது பூரான், பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணை உள்ளது மரவட்டை.

அதிகக் கவனம் செலுத்த வேண்டியது ஸ்பிரிங்டெயில் எனப்படும், சிறகற்ற ஆறுகால் சிற்றுயிர்களின் மேல். சருகுப் பரப்பில் வாழ்பவை நிறமும் கண்களும் கொண்டவை. வயிற்றின் அடியில் மடித்துவைத்த உறுப்பை உதைத்துத் துள்ளும். மண்ணின் ஆழத்தில் வாழ்பவையோ வெளுத்து, கண்ணிழந்து, அந்தத் துள்ளும் உறுப்பும் சுருங்கியோ மறைந்தோ இருக்கும். ஆழத்து வாழ்வுக்கு இவ்வளவு தகவமைந்தவை மண் புரட்டப்பட்டால் எளிதில் மீள்வதில்லை. ஆகவே, அத்தகைய வெளிறிய உயிர்கள் கிடைக்கும் மரத்தடி பெரிதும் கலைக்கப்படாதது என்று கொள்ளலாம். இந்த எண்ணத்தின் அடிப்படையிலேயே இத்தாலியில் ஆய்வாளர் விட்டோரியோ பாரிசி 2001-இல் கியூ.பி.எஸ். என்னும் மண்தரக் குறியீட்டை முன்வைத்தார். அதில் ஒவ்வொரு குழுவும் மண்வாழ்வுக்குத் தகவமைந்த அளவுக்கு ஏற்ப 1 முதல் 20 வரை மதிப்பெண் பெறும்.

எண்ணிக்கையைக் கையாளும்போது எறும்பையும் கறையானையும் தனியே வையுங்கள். புற்றின் ஓரத்தில் எடுத்த ஒரு கட்டியில் நூற்றுக்கணக்கில் விழும் எறும்புகள் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், அவற்றுக்கு 'உண்டு', 'இல்லை' என்ற பதிவே போதுமானது. குப்பிக்குள் இடும் சீட்டில் இடம், மரம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வேலை முடிந்தபின் காய்ந்த மண்ணை எடுத்த குழியிலேயே நிரப்பி, அக்கம்பக்கத்துச் சருகைக் கொண்டு மூடிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தடியில், இந்தக் குழியிலிருந்து சற்று விலகி மாதிரி எடுங்கள்.