நீரிழிவின் வகையறிதல் முதல் இன்சுலின் ஊசி வரை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தவுடன், "மாத்திரையா, ஊசியா?" என்ற கேள்விதான் பலருக்கும் முதலில் எழுகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "எனக்கு வந்திருப்பது எந்த வகை?" என்பதாகும், ஏனெனில் சர்க்கரை எவ்வளவு ஏறியது என்பதோடு, அது ஏன் ஏறியது என்பதையும் பார்த்தே சிகிச்சை முடிவாகிறது.

படி 1: பரிசோதனை முடிவைப் பாருங்கள்

எட்டு மணி நேரமாவது உண்ணாமல் இருந்து எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தாலோ, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை 6.5 விழுக்காட்டை எட்டியிருந்தாலோ அது நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். இந்த எண்கள் நோய் இருப்பதைக் காட்டுமே தவிர, வகையைக் காட்டா.

படி 2: வகையைக் கேட்டறியுங்கள்

முதல் வகையில், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை பெரும்பாலும் சில வாரங்களிலேயே வெளிப்படும். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும், தசைகளும் கல்லீரலும் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. எனவே நோய் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரக்கூடும். கர்ப்பகால நீரிழிவு பொதுவாக 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யும் பரிசோதனையில் தெரியவருகிறது.

முதல் வகை குழந்தைகளுக்கு மட்டுமே வரும் என்பது தவறான எண்ணம். நடுவயதில் அது மெல்லத் தொடங்கும்போது இரண்டாம் வகை என்றே கருதப்பட்டு, மாத்திரைகள் சில காலம் பலனளித்துப் பின்னர் கைவிடுவதும் உண்டு. ஐயம் இருந்தால், நோயெதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைக் காட்டும் எதிர்ப்பொருள் பரிசோதனையும், கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

படி 3: சிகிச்சையின் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் வகைக்கு இன்சுலின்தான் உயிர்காப்பு. 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்படும்வரை, உணவைக் கடுமையாகக் குறைத்துச் சில காலம் மரணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. காய்ச்சலோ வாந்தியோ வந்து உண்ண முடியாத நாளிலும் நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாம் வகைக்கு, உணவு முறை, உடற்பயிற்சி ஆகியவற்றோடு பெரும்பாலும் மெட்ஃபார்மின் என்ற மாத்திரை தொடங்கப்படுகிறது. அது கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கிறது; உணவோடு உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். கிளிமிபிரைடு என்ற மாத்திரை இன்சுலின் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுவதால், அதை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் கூடுதல் பாதுகாப்பு தருகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல பீட்டா செல்கள் தளர்வதால் பின்னாளில் ஊசி தேவைப்படலாம். அது நோயாளியின் தோல்வி அன்று. தோல்வி என்று எண்ணி அஞ்சி ஊசியைத் தள்ளிப்போட்டுக் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்க நேர்வது மிகவும் வருத்தத்திற்குரியது.

படி 4: இன்சுலின் பேனாவைப் பயன்படுத்துங்கள்

கைகளைக் கழுவி, பேனாவில் உள்ள மருந்தின் பெயரைச் சரிபாருங்கள். கலங்கலான வகை என்றால், ஒரே சீராக வெண்மையாகும்வரை உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். புதிய ஊசியைப் பொருத்தி, 2 யூனிட் திருகி, ஊசிமுனை மேல்நோக்கி இருக்க அழுத்துங்கள். முனையில் ஒரு துளி தெரிந்தால்தான் வழி திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு மருத்துவர் சொன்ன அளவைத் திருகி, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, வயிற்றில் நேராகக் குத்தி முழுவதும் அழுத்துங்கள். அளவுகாட்டி பூச்சியத்திற்கு வந்தபின்னும் பத்து வரை நிதானமாக எண்ணிவிட்டே ஊசியை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலடியில் கட்டி விழுந்து மருந்து சீராக ஏறாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்துங்கள்.

படி 5: தாழ்சர்க்கரைக்கு ஆயத்தமாக இருங்கள்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லையெனில் அதையே திரும்பச் செய்யுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து அவசர உதவியை அழைக்கும்படி வீட்டில் உள்ளவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.